‘ரெப்’ – சொல் விளக்கம்

இங்கிலாந்தின் நகரங்களில் 1950களை நினைவில் வைத்திருப்பவர்களிடம் நாடகம் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், ‘எங்கள் ஊர் ரெப்’ என்ற சொல் சீக்கிரமே வந்து விழும். ரெப்பர்ட்டரி என்பதன் சுருக்கம் அது; ஊருக்கென்றே இருந்த நாடகக் குழுவை அப்படி அழைத்தார்கள். அகராதியை மட்டும் நம்பித் தமிழாக்கினால் பொருள் தவறிவிடும்.

வேர், லத்தீன். ‘ரெபெரீரே’ என்றால் தேடிக் கண்டெடுத்தல். அதிலிருந்து வந்த ‘ரெபெர்தோரியம்’, பொருட்களைத் தேடி எடுக்க உதவும் பட்டியல். பிரெஞ்சில் அது ‘ரெபெர்த்வார்’ ஆகி, ஒரு குழு எப்போது கேட்டாலும் போடத் தயாராக வைத்திருக்கும் நாடகங்களைக் குறித்தது. இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். நம் பாய்ஸ் கம்பெனிகள் ஓர் ஊரில் முகாம் போட்டால் வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி என்று மாற்றிப் போட்டதும் ஏறக்குறைய இதே முறைதான்.

இங்கிலாந்தில் இந்தச் சொல் வேறு பக்கம் திரும்பியது. 1908இல் மான்செஸ்டரின் கெய்ட்டி அரங்கை ஆனி ஹார்னிமன் நடத்தத் தொடங்கினார். 1911இல் லிவர்பூல், 1913இல் பேரி ஜாக்சன் கட்டிய பர்மிங்ஹாம் ரெப். லண்டனிலிருந்து வரும் சுற்றுப்பயண நாடகங்களுக்காகக் காத்திருக்காமல், ஊருக்கென்றே ஒரு குழு இருக்க வேண்டும் என்பதுதான் இவர்கள் நோக்கம். நாளடைவில் அப்படிப்பட்ட குழு எதுவானாலும் ‘ரெப்’ ஆகிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல ஊர்களில் நடந்தது ‘வாராந்தர ரெப்’. திங்கள் இரவு புது நாடகம் தொடங்கும். சனி இரவோடு அதற்கு ஆயுள் முடிந்தது. இதற்கிடையில் பகலெல்லாம் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை. இரவு ஆட்டம் முடிந்து வாடகை அறைக்குத் திரும்பியதும், மறுநாள் ஒத்திகைக்கான வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். சமகாலக் கதை கொண்ட நாடகமென்றால் உடைகூடப் பெரும்பாலும் நடிகரின் சொந்த உடைதான். மேடைக்கு வேண்டிய சோபாவை உள்ளூர்க் கடையில் இரவல் வாங்கி, நிகழ்ச்சித்தாளில் நன்றி அச்சிடுவார்கள். சனி இரவே செட்டைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் அந்த நாடகம் திரும்ப வராது. அதாவது, கைவசம் நாடகங்களைச் சேர்த்து வைப்பது என்ற மூலப்பொருளே இங்கே கிடையாது!

மாறாமல் இருந்தவர்கள் நடிகர்கள். போன வாரம் கொலைகாரராக வந்தவர் இந்த வாரம் பாதிரியாராக வருவார். ஊர்க்காரர்களுக்கு அதைப் பார்ப்பதிலேயே ஒரு சுகம் இருந்தது.

கோவென்ட்ரி நகரம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது என்பேன். 1940 நவம்பர் குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி சிதைந்தது. நாடகம் போன்ற பொழுதுபோக்குகளுக்கு உள்ளாட்சிகள் வரிப்பணத்தைச் செலவிட 1948 சட்டம் வழிவிட்டது. நகராட்சியே கட்டிய பெல்கிரேட் அரங்கு 1958 மார்ச்சில் திறக்கப்பட்டது. போருக்குப் பின் பிரிட்டனில் எழுந்த முதல் நகராட்சி அரங்கு அதுதான். யுகோஸ்லாவியா அன்பளிப்பாக அனுப்பிய மரம் அதன் உள்வேலைக்குப் பயன்பட்டதால் அந்தப் பெயர். நடிகர்கள் தங்கச் சிறு குடியிருப்புகளையும் சேர்த்தே கட்டினார்கள். ஆர்னல்ட் வெஸ்கரின் நாடகம் அந்த ஆண்டே அங்கு முதன்முதலாக மேடையேறியது. 1961இல் இயன் மெக்கெல்லன் தொழில்முறை நடிகராக அடியெடுத்து வைத்ததும் இந்த மேடையில்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘களஞ்சிய அரங்கு’ என்றால் லத்தீன் வேர் கிடைக்கும், ஊர் கிடைக்காது. இசை உலகின் ‘பாடாந்தரம்’ குருவழியாக வந்த பாட முறையைச் சொல்கிறது, இதற்கு ஒட்டாது. ‘நிலைக்குழு’ என்றாலோ நாடாளுமன்றம்தான் நினைவுக்கு வரும்.

என் தேர்வு, ‘ஊர் நாடகக் குழு’. சொல்லிலேயே ஊரும் இருக்கிறது, குழுவும் இருக்கிறது. ‘பர்மிங்ஹாம் ஊர் நாடகக் குழு’ என்று எழுதிப் பாருங்கள், பொருந்துகிறது. தேசிய நாடகப் பள்ளி 1964இல் டெல்லியில் தொடங்கிய ரெப்பர்ட்டரி கம்பெனி போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே நாடகங்களைக் கைவசம் வைத்திருக்கும் மூலப்பொருள்தான் என்பதால், ‘கைவச நாடகக் குழு’ என்று எழுதலாம். தனி ஒரு கலைஞரைப் பற்றிப் பேசும்போது புதுச்சொல்லே வேண்டாம். ‘அவர் கைவசம் இருபது நாடகங்கள் உண்டு’ என்றாலே போதும்.