படிக்கப் போன நாளும் அம்மம்மாவின் அந்தியேட்டியும்

கிளிநொச்சியில் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்கு வருபவர்களிடம் பெயரைக் கேட்ட கையோடு, "வேலையிடத்தில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்?" என்றும் கேட்பது என் வழக்கம். போன மாதம் ஒரு தம்பி வந்தார். பரந்தன் பக்கம் ஒரு கராஜில் பதினொரு வருட வேலை. என்ஜினைக் கழற்றிப் பூட்டுவதில் கெட்டிக்காரர், கையில் ஒரு சான்றிதழ் இல்லை. 2008 இடம்பெயர்வோடு நின்ற படிப்பு.

"அம்மம்மாவின் அந்தியேட்டி என்று சொன்னேன் சேர்" என்றார். இறந்தவருக்குச் செய்யும் கிரியை அது; அம்மம்மாவோ வீட்டில் சுகமாக இருக்கிறாராம்.

சிரித்தேன்தான். ஆனால் படிக்கப் போவதைக் களவுபோல ஒளிக்க வேண்டியிருக்கிறதே. கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய (casual) லீவும் தருகிறது. படிப்புக்கென்று ஒரு நாளும் இல்லை. அரச உத்தியோகத்தருக்கு என்றால் அரச சேவை விதிகளான தாபனக் கோவையில் கல்வி லீவுக்கு வழி உண்டு. தனியாரிடம் வேலை செய்பவர் 'நோ பே' (சம்பளமற்ற லீவு) போட்டுவிட்டு வந்தால் அன்றைய சம்பளம் போகும், பல இடங்களில் ஒழுங்காக வேலைக்கு வருவதற்குத் தரும் வரவுக் காசும் போகும். சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் சேமலாப நிதியும், அவரது 8 வீதம், முதலாளியின் 12 வீதம் இரண்டுமே, அந்த அளவுக்குக் குறையும்.

சர்வதேச தொழில் தாபனம் 1974இலேயே இதற்கென 140ஆம் இலக்கச் சமவாயத்தை (சர்வதேச உடன்படிக்கையை) கொண்டுவந்தது. வேலை நேரத்தில், போதிய கொடுப்பனவோடு, குறித்த காலத்துக்குப் படிக்க விடுவதே சம்பளத்துடனான கல்வி லீவு என்கிறது அது. தொழிற்பயிற்சியோடு பொதுக்கல்வியும் தொழிற்சங்கக் கல்வியும் அதில் அடங்கும். இலங்கை இதை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

"மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் நின்றால் நான் என்ன செய்வது?" என்று முதலாளிமார் கேட்பார்கள். நியாயம்தான். சமவாயமும் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை, படிப்படியாகச் செய்யலாம் என்கிறது. சிறு தொழிலகங்கள், கிராமத்திலும் ஒதுக்குப்புறத்திலும் இருப்பவர்கள், ஷிப்ட் வேலைக்காரர், குடும்பப் பொறுப்புள்ளவர்கள் பொது ஒழுங்குக்குள் அடங்காவிட்டால் தனி ஏற்பாடு செய்யச் சொல்கிறது. ஒட்டுசுட்டானில் விடியப் பஸ் பிடிப்பவரை நினைத்து எழுதியதுபோல இருக்கும். செலவை அந்தச் சின்னக் கராஜ்காரர் தலையில் மட்டும் கட்டக்கூடாது, பொது நிதி ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம்.

அதுவரைக்கும் மதிப்பீட்டுத் திகதி கிடைத்தவுடன் எழுத்தில் கேளுங்கள், மதிப்பீட்டுக் கடிதத்தின் பிரதியையும் இணையுங்கள். சம்பளத்தோடு விடமாட்டோம் என்றால் ஷிப்ட் மாற்றிக் கேளுங்கள், அதுவும் முடியாவிட்டால் வருடாந்த லீவில் போடுங்கள். வாயால் கேட்டபோது முகம் சுளித்த முதலாளி கடிதத்தைக் கண்டதும் இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தம்பி இன்னொரு நாளும் வரவேண்டியிருந்தது. கடிதம் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சரி சேர், அந்தியேட்டிக் கதையை இனி என்ன செய்கிறது?"