ரிமூவர் டின்னைத் திறப்பதற்கு முன் ஷட்டரைத் திறங்கள்

காட்பாடி ரோட்டுப் பக்கம் டூவீலர் பெயின்டிங் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது வரும் வேலையில் பாதி பழைய வண்டிகள்தான். அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100, தாத்தா விட்டுப்போன புல்லட் என்று எடுத்து வருகிறார்கள். சேஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) பெயின்டை வீட்டிலேயே உரித்துவிட்டு வரட்டுமா என்று கேட்பவர்களும் நிறைய. உரிக்கலாம். ஆனால் பெயின்டை இளக்கி உரிக்கத் தடவும் ரிமூவரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு உரியுங்கள்.

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், சாரல் அடிக்கிறதே என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கடைப் பையன் தரையில் குத்துக்காலிட்டு சேஸின் அடிக்குழாயைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்திலேயே நின்று டேங்க்குக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "அண்ணா, தல ஒரு மாதிரி இருக்குதுண்ணா" என்றான். திரும்பிப் பார்ப்பதற்குள் சேஸ் மேலேயே சாய்ந்துவிட்டான். வெளியே தூக்கிவந்து, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டது, "எந்த கெமிக்கல்?" டின்னைக் கையோடு எடுத்துப் போகாததால் மறுபடி கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், இன்றும் என்னோடுதான் இருக்கிறான்.

நின்றிருந்த எனக்கு வராதது உட்கார்ந்திருந்த அவனுக்கு ஏன் வந்தது என்று டாக்டர்தான் விளக்கினார். பல ரிமூவர்களில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. கடைகளில் எம்டிசி என்பார்கள். அதன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். மேலே போகாமல் தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். குனிந்து சுரண்டுகிறவன் அதற்குள்தான் மூச்சு விடுகிறான். உடம்புக்குள் போனதில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. வேலையை நிறுத்திய பிறகும் சில மணி நேரம் அது ஏறிக்கொண்டே இருக்கும். இதய நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. லேசான தித்திப்பு வாசனை வருகிறதே, அது மூக்குக்குத் தெரியும்போதே அளவு மீறியிருக்கும். அமெரிக்காவில் மூடிய குளியலறையில் தொட்டி பெயின்ட் உரித்தவர்கள் பலர் செத்திருக்கிறார்கள். 2019இல் அங்கே வீட்டு உபயோகத்துக்கு எம்டிசி ரிமூவர் விற்பதையே தடை செய்தார்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. எம்டிசி ஏறக்குறைய 40 டிகிரியில் கொதிக்கும். வேலூரில் கத்திரி வெயிலில் அது சாதாரணச் சூடு. தகரக் கூரைக்குக் கீழே வைத்த டின்னைத் திறந்தால் புஸ்ஸென்று முகத்தில் பீச்சும். டின்னை நிழலில் வையுங்கள். மூடிமேல் ஈரத்துணியைப் போட்டு, முகத்தை விலக்கி மெதுவாகத் திருகுங்கள். மே மாதத்தில் நாங்கள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறோம்.

துணி மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ இந்த ஆவியைத் தடுக்காது. திறந்த வெளியும் காற்றோட்டமும்தான் காப்பு. சேஸைத் தரையில் போடாமல் இடுப்பு உயரத்துக்கு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறை சில நிமிடம்கூடத் தாங்காது. எம்டிசி தாங்கும் கையுறை என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி கட்டாயம். பீடி, வெல்டிங், ஹீட் கன் எதுவும் கிட்டே வேண்டாம். சூடு பட்டால் இந்த ஆவி பாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு அது.

தடவுவதிலும் பக்குவம் உண்டு. பிரஷ்ஷை ஒரே பக்கமாக ஒருமுறை கனமாக இழுத்துவிட்டு, மேலே பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடிவிடுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் ஆவிதான் கிளம்பும். கால் மணி நேரத்தில் பால் ஆடை சுருங்குவது போலப் பெயின்ட் சுருண்டு மேலே எழும்பும். அப்போது மழுங்கிய பட்டித் தகட்டால் தள்ளினாலே வந்துவிடும்.

ஒட்டிக்கொண்டதை உலர்ந்த எமரி பேப்பரில் தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அடியிலுள்ள மஞ்சள் பிரைமரில் குரோமேட் என்ற குரோமிய நஞ்சு இருக்கலாம். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். சுரண்டியதைச் சாக்கடையில் தள்ளவோ கொளுத்தவோ வேண்டாம். ராணிப்பேட்டையில் மூடிய ஆலையின் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நம் பக்கத்துக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் கடையில் அதை மூடியுள்ள டின்னில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்கிறோம்.

ஹேண்டில் கழுத்தில் குத்தியிருக்கும் சேஸ் நம்பர்மேல் கிரைண்டரை வைக்காதீர்கள். அது அழிந்தால் ஆர்டிஓ ஆபீஸில் பதில் சொல்ல முடியாது. குழாய் ஓட்டைகளைத் தொடங்கும் முன்பே அடைத்துவிடுங்கள். உள்ளே இறங்கிய ரிமூவர், புதுப் பெயின்ட் அடித்த பிறகு கசிந்து வந்து அதையும் உரித்துவிடும். கடைசியாகத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கம்ப்ரசர் காற்றடித்து உலர்த்தி, தின்னரில் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் இரும்பை ராத்திரி விட்டுவைத்தால் காலையில் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும்.