சும்மா சுற்றும் சில்லில் கரண்ட் வராது

போன கிழமையும் ஒருவர் வந்தார். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் சின்ன விடுதி நடத்துகிறார். ஒரு மோட்டார், ஒரு கார் ஆல்டர்னேட்டர் (சுற்றினால் கரண்ட் தரும் பாகம்), நடுவில் கனத்த இரும்புச் சில்லு. மோட்டார் ஆல்டர்னேட்டரைச் சுற்றுமாம், அதில் வரும் கரண்டில் மோட்டார் ஓடுமாம், மிச்சத்தில் விடுதி முழுக்க லைட் எரியுமாம். "எங்கேயோ வயர் மாறிப் போச்சு அண்ணை, ஒருக்காப் பாருங்கோ" என்றார். வயர் எதுவும் மாறவில்லை.

2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அந்த ஆத்திரம் எனக்கும் புரிகிறது. ஆனால் படித்தவர்களே "சில்லு எப்படியும் சுற்றுதுதானே, கரண்ட் சும்மா வரட்டும்" என்று சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. சும்மா வராது! பழைய சைக்கிள் டைனமோவை டயரில் சாய்த்துப் பாருங்கள். லைட் எரியும், மிதி கனக்கும். பல்பைக் கழற்றினால் மிதி லேசாகும். எடுக்கிற கரண்டுக்கு ஏற்ப டைனமோ சுற்றுகிறவனை எதிர்த்து இழுக்கும். இப்படியான மெஷினைக் காட்டும் வீடியோக்களில் அது லோட் (கரண்ட் இழுக்கும் சாமான்) இல்லாமல்தான் அழகாகச் சுற்றுகிறது. ஹீட்டரைப் போட்டதும் படுத்துவிடும்.

கணக்கும் பார்ப்போம். 746 வாட் வேலை தரும் 1 குதிரைவலு மோட்டார் ஏறக்குறைய 1000 வாட் இழுக்கும். நல்ல கார் ஆல்டர்னேட்டரே அதில் 450 வாட் அளவுதான் திருப்பித் தரும். "பாரச் சில்லு அதை ஈடு கட்டும்" என்பார்கள். 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள 20 கிலோ சில்லு நிமிடத்துக்கு 1500 தரம் சுற்றினால் அதில் இருப்பது 5000 ஜூலுக்கும் குறைவு (ஒரு வாட் ஒரு விநாடி ஓடினால் ஒரு ஜூல்). 700 வாட் ரைஸ் குக்கருக்கு ஏழு விநாடி. அதுவும் நாம் முதலில் கொடுத்ததுதான்.

பாரிஸ் அறிவியல் கழகம் இப்படியான யந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று 1775இலேயே முடிவெடுத்துவிட்டது. பிலடெல்பியாவில் கீலி என்பவர் புது சக்தி கண்டுபிடித்ததாகச் சொல்லி வருடக்கணக்கில் முதலீடு திரட்டினார். 1898இல் அவர் இறந்த பிறகு, ஆய்வுகூடத்தின் நிலவறையில் அழுத்திய காற்றுக்கான பெரிய இரும்பு உருண்டை கிடந்தது. ஆகவே இப்படியான மெஷினுக்குக் காசு கொடுக்குமுன் மேசைக்குக் கீழேயும் பாருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு கேத்திலை அதில் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாசலைக் காட்டுங்கள்.

பில் குறைய வேண்டுமென்றால் கூரையில் சோலார் போடுங்கள். திருகோணமலை வெயிலுக்கு என்ன குறை? அது வெளியிலிருந்து வருகிற சக்தி, ஏமாற்று இல்லை.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். சில்லு ஏமாற்றியதும் சிலர் பற்றரியும், அதன் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டரும் வாங்கி, கரண்ட் போன நேரம் நேரே சுவர் பிளக்கில் சொருகுகிறார்கள். அந்த 230 வோல்ட் வெளி லைனுக்குப் போய், ட்ரான்ஸ்போமரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். கம்பத்தில் நிற்கிற லைன்மேன் கரண்ட் இல்லையென்று நம்பித்தான் கம்பியைத் தொடுகிறார். வெளி லைனைத் துண்டித்த பிறகே இன்வேட்டரை இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் எதையும் வீட்டு வயரிங்கில் கொடுக்காதீர்கள். இரண்டு முனையிலும் ஆண் பிளக் போட்ட வயர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.