ஹைபாலில் அந்தச் 'சுர்' எங்கிருந்து வருகிறது?

டோக்கியோவில் மாலை நேரத்தில் ஏதாவது ஒரு இசகாயாவுக்குள் (மதுவோடு சிற்றுண்டியும் தரும் ஜப்பானியக் கடை) நுழைந்தால், பொரித்த கராகே கோழித் தட்டுக்குப் பக்கத்தில் உயரமான டம்ளரில் ஹைபால் நிற்கும். விஸ்கி ஒரு பங்கு, சோடா நான்கு பங்கு, டம்ளர் நிறைய ஐஸ், அவ்வளவுதான். பல கடைகளில் அந்த விஸ்கி, சன்டோரி நிறுவனம் 1937-இல் கொண்டுவந்த ககுபின். இத்தனை எளிய பானத்தைக் கலக்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறை முழுவதும் வாயுவைப் பற்றியது.

நாக்கில் சுர்ரென்று ஏறுவதற்குக் குமிழி வெடிப்பதுதான் காரணம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சோடாவில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை, நாக்கிலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அமிலமாக்குகிறது. புளிப்பை உணரும் செல்களையும் எரிச்சலை உணரும் நரம்புகளையும் தூண்டுவது அந்த அமிலம்தான். மலையேறுபவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். உயரத்தில் வரும் நோய்க்கு அசெட்டசோலமைடு மாத்திரை போட்டவர்களுக்கு பீர் சப்பென்று இருக்கும். மாத்திரை அந்த நொதியை முடக்கிவிடுவதால், நுரை பொங்கினாலும் சுர் வராது.

ஆக, டம்ளரில் நாம் ரசிக்கும் குமிழியெல்லாம் நாக்குக்கு வந்து சேராமல் தப்பிய வாயு. அதைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பதுதான் கலப்பவரின் திறமை.

குளிர்ச்சி அதற்குப் பெரிய துணை. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 1.7 கிராம் கரையும். 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அதனால்தான் சோடாவையும் டம்ளரையும் முன்பே குளிர வைக்கிறார்கள். அழுத்தமும் வாயுவைப் பிடித்து வைக்கும். நம் கோலி சோடாவிலும் ஜப்பானின் ரமுனே பாட்டிலிலும் கோலிக்குண்டு காப்பது அதைத்தான். ஆனால் பாட்டிலைத் திறந்துவிட்டால் அந்தத் துணை போய்விடும்.

அப்புறம் ஐஸ். தெளிந்த நீருக்குள் குமிழி தானாகப் பிறப்பது கடினம். மிகச் சிறிய குமிழியை நீரின் பரப்பு இழுவிசையே நசுக்கிவிடும். ஏற்கெனவே துளி காற்று சிக்கியிருக்கும் விரிசலோ சொரசொரப்போ இருந்தால்தான் அது வளரும். வீட்டு ஃப்ரீசர் ஐஸில் அந்த இடங்கள் ஏராளம். எல்லாப் பக்கமிருந்தும் உறைவதால் காற்று நடுவில் மாட்டி, ஐஸ் வெள்ளை பூத்துப் போகிறது. ஜப்பானில் பார்களுக்கான ஐஸைத் தண்ணீரை அசைத்துக்கொண்டே 48 மணி நேரத்துக்கும் மேல் மெதுவாக உறைய வைக்கிறார்கள். வளரும் படிகம் காற்றையும் உப்புகளையும் வெளியே தள்ளிவிட, கண்ணாடிபோல் கட்டி கிடைக்கிறது.

கலக்கும்போதும் அதே கவனம். முதலில் விஸ்கியை ஊற்றி ஐஸோடு சுற்றுவார்கள். விஸ்கி குளிர்வதோடு, ஐஸின் சொரசொரப்பான மேற்பரப்பும் கரைந்து வழவழப்பாகிவிடும். பிறகு சோடாவை ஐஸ்மேல் படாமல் ஓரமாக மெல்ல இறக்குவார்கள். கடைசியில் நீளக் கரண்டியை அடிவரை விட்டு, ஐஸை ஒரே ஒரு முறை தூக்கிவிட்டு எடுத்துவிடுவார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் இது. விஸ்கி சோடாவைவிட லேசானது. அதனால் மேலிருந்து இறங்கும் சோடாவே கலக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. அதற்கு மேல் சுற்றினால் வாயுதான் போகும்.