உறைநிலைக்குக் கீழே அளந்தது யார்?

உலோகக் கண்ணாடிக்கு, அதாவது உருகிய உலோகம் படிகமாகாமல் அணுக்கள் ஒழுங்கில்லாமலே இறுகிய திடப்பொருளுக்கு, கணக்குப் போட்டேன் என்று மாணவர்கள் வரைபடத்தை நீட்டினால் நான் முதலில் கேட்பது இதுதான்: அளந்த புள்ளிகள் எந்த வெப்பநிலையோடு நின்றன? பெரும்பாலும் கலவை உறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே நின்றிருக்கும். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான டிகிரிக்கு ஓடும் கோடு முழுக்க மென்பொருளின் ஊகம். கண்ணாடி ஆகுமா, ஆகாதா என்பது முடிவாவதோ அந்த ஊகப் பகுதியில்தான்.

பாகு காய்ச்சியவர்களுக்கு விஷயம் பாதி புரிந்திருக்கும். கெட்டிப் பாகை அசையாமல் நாள்கணக்கில் விட்டால் கல்கண்டு. முற்றிய பாகைத் தண்ணீரில் சொட்டவிட்டால் கண்ணாடி போல உடையும் உருண்டை. உலோகத்திலும் இந்த இரண்டும் உண்டு, ஆனால் அது காத்திருக்காது. 1960இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் போல் டூவெஸ் குழு தங்கம்-சிலிக்கான் உருகலை நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிரவைத்துத்தான் முதல் உலோகக் கண்ணாடிச் சில்லை எடுத்தது. தங்கம் 1064 டிகிரி செல்சியஸிலும் சிலிக்கான் 1414இலும் உருகும். ஆனால் இரண்டையும் சரியான அளவில் கலந்தால் 363 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். அவர்கள் எடுத்துக்கொண்டது அதற்குப் பக்கத்துக் கலவை. உருகுநிலை தாழ்ந்த இடத்தில் தேடு என்ற பழக்கம் அப்படித்தான் வந்தது. நல்ல பழக்கம்தான், ஆனால் அதுவே போதாது.

சரி, கணக்குக்கு வருவோம். உறைநிலைக்குக் கீழே திரவத்துக்கும் படிகத்துக்கும் உள்ள கிப்ஸ் ஆற்றல் (எந்த நிலை நிலையானது என்று சொல்லும் அளவு; குறைவானதே நிலையானது) வித்தியாசத்தை உந்துவிசை என்போம். அது குறைவாக இருந்தால் படிகத்துக்கு அவசரம் குறைவு. அதைக் கணிக்கச் சுருக்கச் சூத்திரங்கள் உண்டு: டர்ன்புல், ஹாஃப்மன், தாம்ப்சன்-ஸ்பேப்பன். செம்பு கண்ணாடி ஆகாது, ஆனால் அதில் கணக்கு எளிது. அதன் உருகுநிலை 1358 கெல்வின், உருகல் வெப்பம் மோலுக்குச் சுமார் 13 கிலோஜூல். உருகுநிலையிலிருந்து 20 சதவீதம் கீழே இறங்கினால் டர்ன்புல் மோலுக்கு 2.6 கிலோஜூல் தரும், தாம்ப்சன்-ஸ்பேப்பன் 2.3, ஹாஃப்மன் 2.1. பரவாயில்லை. பாதி வெப்பநிலைக்கு இறங்கினால்? 6.5, 4.3, 3.25. ஒரே உலோகம், ஒரே உருகல் வெப்பம், விடையில் இரண்டு மடங்கு வித்தியாசம்! உறையாத திரவத்தின் வெப்பக்கொள்ளளவு (ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம்) பற்றி ஒவ்வொரு சூத்திரமும் வைத்திருக்கும் அனுமானம் வேறு, அவ்வளவுதான்.

இந்த இரண்டு மடங்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படிகக் கரு உருவாவதற்கான தடை உந்துவிசையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். ஆக அங்கே நான்கு மடங்கு. கரு உருவாகும் வேகத்தின் சூத்திரத்தில் அந்தத் தடை உட்கார்ந்திருப்பதோ அடுக்குக்குறியில், அங்கே சிறு பிழையும் பல மடங்காகிவிடும். அதை வைத்துக் கணித்த குளிர்விப்பு வேகத்தை இரண்டு தசம இடம் வரை அறிக்கையில் எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானும் எழுதியவன்தான். ஒருமுறை என் கணக்கில் தாழ்ந்த வெப்பநிலையில் திரவம் மறுபடியும் நிலையானதாக வந்தது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக அரை நாள் மிதந்தேன். அப்புறம்தான் உறைத்தது. திரவத்தின் வெப்பக்கொள்ளளவை நேர்கோடாகக் கீழே நீட்டிக்கொண்டே போனதில் அதன் எண்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) படிகத்தைவிடக் குறைந்துவிட்டிருந்தது. 1948இலேயே வேதியியலாளர் கௌஸ்மன் சுட்டிக்காட்டிய சிக்கல் இது. நிஜத்தில் அதற்கு முன்பே திரவம் இறுகிக் கண்ணாடியாகிவிடும், வெப்பக்கொள்ளளவும் சட்டென்று விழும். இதெல்லாம் என் தரவுக்கோப்புக்கு எப்படித் தெரியும்?

உந்துவிசை சரியாகவே வந்தாலும் அது பாதிக் கதை. படிகம் வர விரும்புகிறதா என்று அது சொல்லும். அணுக்களால் நகர முடியுமா என்று சொல்லாது. அதற்குப் பாகுத்தன்மை வேண்டும். 1993இல் பெக்கரும் ஜான்சனும் வெளியிட்ட சிர்க்கோனியம்-டைட்டானியம்-செம்பு-நிக்கல்-பெரிலியம் கலவைக்கு நொடிக்கு ஒரு டிகிரி அளவில் குளிர்வித்தாலே போதும். அதன் உருகல் தூய உலோகங்களின் உருகலைவிட ஆயிரம் மடங்கு அளவுக்குக் கெட்டி. அளவு வித்தியாசமான அணுக்கள் ஒன்றின் வழியை ஒன்று மறிக்கின்றன. பாகு பூத்துப்போகாமலிருக்க எலுமிச்சைச் சாறு விடுவோமே, ஏறத்தாழ அந்த வேலை. (இந்தக் கலவையைத் தேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிலியத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். சாதாரணத் துணி மாஸ்க் போதாது.)

இன்னொன்று எந்தக் கோப்பிலும் இருக்காது: ஆக்சிஜன். பெரிலியம் இல்லாத சிர்க்கோனியக் கலவை ஒன்றில், கணக்கு முழுப் பச்சைக்கொடி காட்டிய பிறகு, செம்பு அச்சில் 3 மில்லிமீட்டர் கம்பி வார்த்தோம். உடைத்தால் ஓரம் பளபளவென்று கண்ணாடி, நடுவில் மங்கலாகச் சொரசொரப்பு. எக்ஸ்ரே வரைபடத்தில் கண்ணாடிக்குரிய அகன்ற மேட்டின் மேல் படிகத்துக்குரிய கூர்முனைகள் முளைத்திருந்தன. ஒரு வாரம் சூத்திரத்தை மாற்றிமாற்றிப் பார்த்தேன். தப்பு உலையில். ஆர்க் உலையில் (மின்வில்லால் உருக்கும் உலை) கலவையை உருக்கும் முன் ஒரு டைட்டானியம் பொத்தானை உருக்குவோம், மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது குடித்துக்கொள்ளும். அன்றைய பொத்தான் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டியது மஞ்சளும் நீலமுமாக இருந்தது. ரப்பர் வளையத்தில் கசிவு.