ஹை ஹீல்ஸ்: குதியுயர் செருப்பு

எங்கள் மேசையில் மூன்று பேர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், முடிந்து வரும் ஜோடிகளைத் தரம் பார்க்கிற வேலை. ஒருத்திக்கு ஊர் வி.கோட்டா. பேர்ணாம்பட்டைத் தாண்டிப் பத்தலபல்லி மலைப்பாதையில் ஏறினால் வரும் ஆந்திர ஊர் அது, வீட்டில் தெலுங்கு. இன்னொருத்தி வாணியம்பாடி, வீட்டில் உருது. பாதத்தின் பின்பகுதியை நான் குதி என்பேன், அவள் மடம என்பாள், இவள் ஏடி என்பாள். ஆனால் அந்த இடத்தை உயர்த்திச் செய்த செருப்பு கைக்கு வந்தால் மூன்று பேருக்கும் ஒரே சொல்தான்: ஹீல்ஸ். உறுப்புக்கு மூன்று மொழியிலும் சொந்தப் பெயர் இருக்கும்போது அதைத் தூக்கி நிறுத்தும் பொருளுக்கு மட்டும் ஏன் இரவல் பெயர் என்று ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன்.

ஹீல் என்பது பழைய ஆங்கிலத்திலேயே குதிகாலைக் குறித்த சொல். பிறகு செருப்பில் குதிகால் பதியும் இடத்துக்கும், அதன் கீழே வைக்கும் கட்டைக்கும் அதே பெயர் போனது. உயரமான கட்டை வைத்தது ஹை ஹீல், ஜோடியாக வருவதால் ஹீல்ஸ். தமிழில் அந்தப் பன்மை கரைந்துவிட்டது. ‘ஒரு ஹீல்ஸ் வாங்கினேன்’ என்றுதான் சொல்கிறோம்.

உறுப்பின் பெயர் செருப்பின் பாகத்துக்குப் போவது தமிழிலும் நடப்பதுதான். பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருமுறை என் செருப்பைத் திருப்பிப் பார்த்து, “குதி தேஞ்சிட்சிம்மா, அதுவும் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு” என்றார். அவர் சொன்னது செருப்பின் குதியை. தொழில் செய்கிறவர் வாயில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது.

குதிக்கு அகராதியில் இரண்டு பொருள் உண்டு: குதிப்பு, குதிகால். குதிக்கும்போது முதலில் தரையை விட்டு எழுவது குதிகால்தானே, இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. மலையாளத்திலும் குதிகால் உண்டு. செருப்போ இன்னும் பரந்த குடும்பத்துச் சொல். மலையாளத்தில் செரிப்பு, தெலுங்கில் செப்பு, கன்னடத்தில் கெர. நம் செவி கன்னடத்தில் கிவி ஆவது போலத்தான் இங்கும் சகரத்துக்கு ககரம். சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் செருப்பு என்ற பெயரில் ஒரு மலை வருகிறது. காலில் மிதிக்கும் செருப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று புலவர் அதை ‘மிதியல் செருப்பு’, அதாவது மிதிக்காத செருப்பு என்கிறார். அப்படிப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், மிதிக்கிற செருப்பு அன்றைக்கே எல்லார் வாயிலும் இருந்திருக்கிறது. இவ்வளவு பழைய சொல்லை இன்று மேடையிலும் அறிவிப்பிலும் தாழ்வாக நினைத்து ஒதுக்குவது எனக்கு வருத்தம்.

சரி, பொருளின் கதைக்கு வருவோம். குதி உயர்ந்த செருப்பு முதலில் பெண்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில், கால் நழுவாமல் எழுந்து நின்று அம்பு விட அதைப் போட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பிரான்சின் 14ஆம் லூயி சிவப்புக் குதியோடு நிற்கும் 1701ஆம் ஆண்டு ஓவியம் பெயர்பெற்றது. வயலிலோ பட்டறையிலோ நிற்கத் தேவையில்லாதவன் என்று காட்டும் செருப்பு அது. 18ஆம் நூற்றாண்டில் ஆண்கள் கழற்றிப் போட்டார்கள், பெண்களிடம் தங்கிவிட்டது. ஊசி போன்ற ஸ்டிலெட்டோ 1950களில் பரவியது. அந்தச் சொல்லுக்கு இத்தாலியில் சிறு குத்துவாள் என்று பொருள். அவ்வளவு மெல்லிய குதி உடம்பைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகால்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன், ஓர் அலுவலகத்தில் வரவேற்பு வேலைக்கு நேர்காணல் போயிருந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தமிழ், தெலுங்கு இரண்டிலும் பேசிக் காட்டச் சொன்னார்கள், பேசினேன். கடைசியில் அந்த அம்மா என் தட்டைச் செருப்பைப் பார்த்துவிட்டு, “வேலைக்குச் சேந்தா ஹீல்ஸ் போட்டுட்டு வரணும். அப்பதான் ஒரு புரொஃபஷனல் லுக் வரும்” என்றார். நான் சேரவில்லை. அந்த ‘லுக்’ என்ன என்று அப்புறம் பிரித்துப் பார்த்தேன். இரண்டு அங்குல உயரம், முன்னே தள்ளி நிமிர்ந்த நெஞ்சு, தரையில் கேட்கும் டக் டக் சத்தம். தமிழில் இதற்கு மிடுக்கு என்று பெயர். மிடுக்கு என்றால் வலிமை என்றும் பொருள் உண்டு. இந்தச் செருப்பு தோற்றத்துக்கு மிடுக்கைக் கொடுத்து, காலின் மிடுக்கை எடுத்துக்கொள்கிறது. அதே செருப்போடு எங்கள் தெருவில் நடந்தால் ‘ஸ்டைலைப் பாரு’ என்பார்கள். ஆபீசில் போடாவிட்டால் வேலையில் அக்கறையில்லை என்பார்கள். இரண்டு இடத்திலும் அந்தப் பெண்ணுடைய வேலையை யாரும் பார்க்கவில்லை.

விரும்பிப் போடுகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். வங்கியில் வேலை பார்க்கும் என் தோழிக்கு அது போட்டால்தான் கவுன்டரில் ஆண்களுக்குச் சமமாகக் கண் பார்த்துப் பேச வருகிறதாம். அவளுக்கு அது தேவைப்படுகிறது. கட்டாயமாக்குவதுதான் தவறு.

2015 டிசம்பரில் லண்டனில், குதி உயர்ந்த செருப்பு போட மறுத்த வரவேற்பாளர் ஒருவரைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தொடங்கிய மனுவில் 1,50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டு, 2017இல் அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. அதே ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலமும் பிலிப்பைன்சும் வேலையிடத்தில் இந்தக் கட்டாயத்தைத் தடுத்தன. ஜப்பானில் 2019இல் யூமி இஷிகாவா எழுப்பிய இயக்கத்தின் பெயர் கூட்டூ. அங்கே குட்சு என்றால் செருப்பு, குட்சூ என்றால் வலி. மீ டூவின் ஒலியும் அதில் கலந்திருக்கிறது. சொல்லைச் சரியாகப் பிடித்ததால் வலியும் செருப்பும் ஒன்றாகவே நினைவில் நின்றன.

வலி எங்கிருந்து வருகிறது என்று எங்கள் மேசையில் தெரியும். ஜோடியைச் சமமான பலகையில் வைத்து, விரலால் மெல்லத் தட்டுவோம். குதி ஆடக் கூடாது. உள்ளே கை விட்டுத் தடவுவோம். குதியைப் பிடிக்கும் ஆணியின் முனை தட்டுப்படக் கூடாது. நடுவில் வளைந்த எஃகுத் தகடு இருக்கும், அதை ஷாங்க் என்போம். பாதம் சரிவில் நிற்கும்போது செருப்பு மடங்காமல் காப்பது அதுதான். பாதத்தைக் காக்க அப்படி எதுவும் இல்லை. உடம்பின் எடை முன்னே வழிந்து விரல்களின் அடியில் இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அடிக்கடி போட்டவர்களுக்குக் கெண்டைக்கால் தசையிழைகள் குறுகி, அந்தத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் இறுகியிருந்ததை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தட்டைச் செருப்புக்கு மாறினால் அவர்களுக்குக் கால் பின்னால் இழுப்பது அதனால்தான்.

இனி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘உயர் குதிகால் காலணி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதைக் கேட்டால் குதிகாலே உயரமானது போல இருக்கிறது; சொல்லவும் நீளம். ‘குதிகால் செருப்பு’ சுருக்கம்தான், ஆனால் குதிகால் படாத செருப்பு எது? காலணி மரியாதையான சொல். அணி என்றால் அணிவது, அலங்காரம் என்றும் ஆகும். பெண்ணின் வேலைச் செருப்பை அலங்காரமாகப் பார்ப்பதுதானே பிரச்சினை, அதனால் எனக்கு அது வேண்டாம். என் தேர்வு குதியுயர் செருப்பு. உயர்ந்தது எது என்று சொல்லிலேயே தெரிகிறது. அங்கிருந்து மற்றவையும் எளிதாகப் பிறக்கும்: ஸ்டிலெட்டோவுக்கு ஊசிக்குதி, பிளாக் ஹீலுக்குக் கட்டைக்குதி, வெட்ஜுக்கு ஆப்புக்குதி.

இந்தச் சொல் வீட்டுக்கு மட்டும் போதாது. கடையில் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் கொண்டுவந்தன. இருக்கைக்கு வந்தது போல நாளை செருப்புக்கும் விதி வரலாம். அதைத் தமிழில் எழுதும்போது ஹீல்ஸ் என்று எழுத வேண்டியதில்லை.

போன வாரம் ஒரு ஜோடியில் பின்பக்கம் மெல்லிய கீறல். வி.கோட்டாப் பெண் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு என் பக்கம் தள்ளினாள். “அக்கா, குதியில கீறல்.”