பேச்சு வந்துவிட்டது, பாடம் ஏன் வரவில்லை?

காரைக்குடி வட்டாரத்தில் பன்னாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரே ஒரு சொல் எழுதத்தான் அதில் இடம். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

'தமிழ்' என்று எழுதிய மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்தது. அங்கே தொடக்கப் பள்ளியில் தமிழே பயிற்றுமொழி என்பதால் அறிவியலையும் அது தமிழில் படித்திருக்கும். இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியது. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றுதான். ஆனால் பள்ளியில் அது ஒரு பாடம், மற்றவை எல்லாம் ஆங்கிலம். மூன்றாவது பிள்ளை காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தூரிலேயே வளர்ந்தது. வீட்டில் அப்பத்தாவோடும் ஆயாவோடும் வாய் ஓயாமல் தமிழ் பேசும், ஆனால் மழலையர் வகுப்பிலிருந்தே எழுதிப் பழகியது ஆங்கிலத்தில். மூன்று பேருக்கும் படிவத்தில் ஒரே சொல்தான். தேவைப்படும் உதவியோ முற்றிலும் வேறு வேறு. பக்கத்து பெஞ்சில் சிக்ரி குடியிருப்புப் பிள்ளைகள் இருப்பார்கள். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. விஞ்ஞானிகள் நாடெங்கிலுமிருந்து வருவதால் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் வங்காளமோ தெலுங்கோ ஒடியாவோ இந்தியோ புழங்கும்.

இவர்களின் வீட்டுமொழிக்குப் பள்ளிக்குள் இடம் கொடுத்தால், ஆங்கிலத்தில் நடக்கும் பாடமே நன்றாகப் புரியும். பல பெற்றோர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள் என்பதால்தான் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒரே வருடத்தில் மைதானத்தில் சரளமாக ஆங்கிலம் பேசும். ஐந்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாளில் மட்டும் பாதி வெறுமையாக இருக்கும். 'நன்றாகத்தான் பேசுகிறான், கவனம்தான் போதாது' என்று ஆசிரியர் எழுதி அனுப்புவார். கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இந்தக் குழப்பத்தை அவிழ்த்தார். உரையாடலுக்கான மொழித்திறன் வேறு, பாடத்துக்கான மொழித்திறன் வேறு என்றார். மைதானத்தில் கையசைவும் முகக்குறிப்பும் கண்முன் நடக்கும் காரியமும் பொருளை எடுத்துக்கொடுத்துவிடும். அந்த ஆங்கிலம் ஓரிரண்டு ஆண்டில் வந்துவிடும். புத்தகத்தில் அந்தத் துணை எதுவும் கிடையாது. 'எனினும்', 'இல்லாவிட்டால்', 'இதன் விளைவாக' போன்ற இணைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் பொருளுக்குப் போக வேண்டும். டொராண்டோ பள்ளிகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, பாடமொழியில் வகுப்பின் மட்டத்தை எட்டிப் பிடிக்கக் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்குச் சராசரியாக 5 முதல் 7 ஆண்டுகள் ஆனது தெரியவந்தது. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பின் மட்டமும் ஏறிக்கொண்டே போவதால்தான் இத்தனை காலம். ஆக, மூன்றாம் வகுப்பில் நுழைந்த பிள்ளை எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோதான் சமமாகும். பல பள்ளிகள் ஆங்கிலத் துணை வகுப்பை அதற்கு முன்பே நிறுத்திவிடுகின்றன. பேச்சு வந்துவிட்டதல்லவா, அதனால்!

இந்த இடைக்காலத்தில் வீட்டுமொழி என்ன செய்யும்? ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்தி வைத்துக்கொள்ளக்கூடிய புதிய விஷயங்கள் ஏறக்குறைய நான்குதான் என்று செயல்நினைவு பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. புதிய கருத்தும் புதிய சொல்லும் சேர்ந்து வந்தால் அந்த இடம் நிரம்பிவிடும். பிள்ளை கருத்தைக் கைவிட்டுச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளும். கருத்தை வீட்டுமொழியில் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்தில் கற்க வேண்டியது சொல் மட்டும்தான். செட்டிநாட்டு வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் மறு தெருவில். நடுவே வளவு என்னும் உள்முற்றம் ஒன்றுதான். பிள்ளையின் மனமும் அப்படித்தான். வங்காள வாசல் வழியாக உள்ளே வந்த கருத்து ஆங்கில வாசல் வழியாக வெளியே போவதற்குத் தடை ஏதும் இல்லை. ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்த பின்லாந்துப் பிள்ளைகளை 1970களில் ஆராய்ந்தபோது, தாய்நாட்டில் சில ஆண்டுகள் ஃபின்னிஷ் மொழியில் படித்துவிட்டுப் பத்து வயதளவில் வந்தவர்கள், மிகச் சிறு வயதிலேயே வந்தவர்களைவிட ஸ்வீடிய மொழிப் பாடத்தில் நன்றாக முன்னேறியதாகத் தெரியவந்தது.

பின்னத்தைப் பாருங்கள். பலகையில் 2/5 என்று எழுதி 'டூ ஃபிஃப்த்ஸ்' என்கிறார் ஆசிரியர். 'ஃபிஃப்த்' என்றால் ஐந்தாவது என்று போன மாதம்தான் பிள்ளை கற்றது. இப்போது இரண்டு ஐந்தாவதுகள் என்றால் என்ன? கேட்காமல் எழுதிக்கொள்ளும். தமிழில் 'ஐந்தில் இரண்டு' என்னும்போது முழுமை எத்தனை பங்காயிற்று என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. தெலுங்கில் 'ஐதிண்ட ரெண்டு', இந்தியில் 'பாஞ்ச் மே சே தோ'. இரண்டிலும் அதே வரிசைதான். ஆசிரியருக்குத் தெலுங்கு தெரிய வேண்டியதில்லை. 'உன் மொழியில் சொல்லிக்கொண்டே ஒரு பட்டையை வரைந்து நிழலிடு' என்றால் போதும். நிழல் சரியாக விழுந்தால் கருத்து இருக்கிறது, ஆங்கிலச் சொல்தான் இல்லை. நிழலே தவறினால் கருத்தையே திரும்ப நடத்த வேண்டும். இந்த வேறுபாடு ஆங்கில விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தால் கண்ணில் படாது.

ஒரு வகுப்பு முழுவதும் எப்படி நடக்கும்?

செட்டிநாட்டுத் தரைகளில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லை வைத்து, ஏழாம் வகுப்புக்கு 40 நிமிடப் பாடம் ஒன்று. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, நிறம் சேர்த்த சிமெண்ட் கலவையைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மிஞ்சிய ஈரத்தை இழுக்க உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவுவார்கள். அதன் மேல் ஈரச் சாந்தை அழுத்தி மட்டம் செய்வார்கள். ஓரளவு இறுகியதும் கல் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். கேள்வி இதுதான்: இறுகிய கல்லை ஏன் திரும்பத் தண்ணீரில் போட வேண்டும்?

முதல் 10 நிமிடம், ஒரே மொழிக்காரர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து தங்கள் மொழியில் காரணம் யூகிக்க வேண்டும். ஒரு நிமிட விளக்கத்தைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். ஏறக்குறைய எல்லாரும் 'சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது' என்றுதான் சொல்வார்கள். அது தவறு. ஆனால் தவறான கருத்து வெளியே வந்துவிட்டது, இனி அதைத் திருத்தலாம். ஆங்கிலத்திலேயே கேட்டிருந்தால் மௌனம்தான் கிடைத்திருக்கும். அடுத்த 20 நிமிடம் ஆசிரியர் ஆங்கிலத்தில் நடத்துவார். சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிகேட் நீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. நீர் சீக்கிரம் ஆவியாகிவிட்டால் வினை பாதியில் நின்று கல் வலுவிழக்கும், வெடிப்பும் விடும். பலகையில் புதிய சொற்கள் ஏழுக்கு மேல் போகக் கூடாது. கடைசி 10 நிமிடம் எழுத்து. முதலில் எந்த மொழியிலும் எழுதலாம். பிறகு ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம், ஒன்றில் 'பிகாஸ்' வர வேண்டும், மற்றதில் 'அன்லெஸ்' வர வேண்டும். பாடமொழி குடியிருப்பது அந்த இரண்டு சொற்களில்தான்.

ஒடியா பேசுவது வகுப்பில் ஒரே பிள்ளை என்றால், அது படம் வரைந்து ஒடியாவில் பெயர் குறிக்கட்டும். முந்தைய நாளே கேள்வியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அம்மாவோடு பேசிவிட்டு வரும். இரண்டு மொழியும் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளையை நிரந்தர மொழிபெயர்ப்பாளராக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதன் பாடம் கெடும், மற்றதும் அதையே நம்பிக் கிடக்கும். இணைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பள்ளத்தூர்ப் பிள்ளைக்குத் தனிக் கவனம் வேண்டும். பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் விலகி நிற்பதை மொழியியலில் இரட்டை வழக்கு என்பார்கள். அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இதை விரித்து எழுதினார். சிமெண்ட் நீரோடு வினைபுரிவதைக் குறிக்கும் 'ஹைட்ரேஷன்' புரியாத பிள்ளையிடம் 'நீரேற்றம்' என்று சொல்லிவிட்டுத் தமிழில் உதவிவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. இரண்டு புதிய சொற்களை அதன் தலையில் ஏற்றியதுதான் மிச்சம். 'தண்ணிய உள்ள இழுத்து அதோட சேந்து கெட்டியாகுது' என்ற பேச்சிலிருந்து தொடங்கி, பிறகு நீரேற்றம், பிறகு ஹைட்ரேஷன் என்று படிப்படியாக வர வேண்டும். மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு நடுப்படியிலிருந்தே தொடங்கலாம்.

பள்ளி செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

சேர்க்கையின்போது பெற்றோரோடு 20 நிமிடம் உட்காருங்கள். அம்மா பிள்ளையிடம் என்ன மொழி பேசுகிறார், பிள்ளை என்ன மொழியில் பதில் சொல்கிறது, உடன்பிறந்தவர்கள் தங்களுக்குள் எதில் பேசுகிறார்கள், எந்த மொழியில் எந்த வகுப்புவரை எழுதப் படித்தது, மனக்கணக்கு எந்த மொழியில் போடுகிறது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிறகு நான்கு படங்களைக் காட்டி வீட்டுமொழியில் கதை சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். எழுதத் தெரிந்தால் 15 நிமிடம் எழுதவும் செய்யட்டும். அதே வேலை ஆங்கிலத்திலும். இரண்டிலும் தடுமாறினால் கற்றல் குறைபாடோ கேட்டல் குறைபாடோ இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்டலாம். வீட்டுமொழியில் கதை கோவையாக வந்து ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால் பிள்ளைக்குக் குறைபாடு ஏதும் இல்லை, மொழி இன்னும் வந்துசேரவில்லை, அவ்வளவுதான். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் சிறப்புக் கல்விக்கு அனுப்பப்பட்ட பிள்ளை இழப்பது ஆண்டுகளை.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஏழெட்டுச் சொற்களின் பட்டியலை ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு அனுப்பலாம். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே அச்சடிப்பது ஆபத்து. வேதியியலின் 'சொல்யூஷன்' கரைசலாக வராமல் தீர்வாக வந்து நிற்கும். இயற்பியலின் 'பவர்' திறனாக வராமல் அதிகாரமாக வரும். கணக்கின் 'வால்யூம்' கன அளவுக்குப் பதில் ஒலியளவாகிவிடும். தனிச் சொல்லாகக் கொடுத்தால்தான் இந்த விபத்து அதிகம். முழு வாக்கியத்தோடு கொடுத்து, அந்த மொழி தெரிந்த பெற்றோர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுமொழி வகுப்பை வாரம் இரண்டு முறை, 40 நிமிடம், பள்ளி நேரத்துக்குள்ளேயே வையுங்கள். மாலையில் மற்றவர்கள் பந்து விளையாடும்போது வைத்தால் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரியும். ஆசிரியர் கிடைக்காத மொழிக்கு இணையவழி ஆசிரியர், அதுவும் இல்லையென்றால் வாசிப்பு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் பல இந்திய மொழிகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சடித்துக்கொள்ளவும் உரிமம் உண்டு. சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படக்கதைகள் வெளியிடுகிறது.

மேல்வகுப்பில் ஐ.பி. டிப்ளமோ (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் இரண்டாண்டுப் படிப்பு) படிப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பள்ளியில் ஆசிரியர் இல்லாத மொழியிலும், தன் மொழி இலக்கியத்தைப் பள்ளித் துணையோடு தானே படிக்கும் முறையில், ஸ்டாண்டர்ட் நிலையில் (இரண்டு நிலைகளில் எளியது) தேர்வு எழுதலாம். ஆங்கிலத்தையும் முதல்மொழிப் பாடமாக எடுத்து இரண்டிலும் 7க்குக் குறைந்தது 3 தரம் பெற்றால் இருமொழி டிப்ளமோவே கிடைக்கும். இது கெட்டுப்போவது பெரும்பாலும் கால அட்டவணையில்தான். 'தானே படிப்பது' என்பதால் பாடவேளை ஒதுக்காமல் விட்டுவிடுகிறார்கள். மாணவர் இரண்டாம் ஆண்டில் நூல்களைப் புரட்டத் தொடங்கும்போது நேரம் போயிருக்கும். முதல் வாரத்திலேயே வெளி ஆசிரியர் ஒருவரையும் பள்ளிக்குள் பொறுப்பாளர் ஒருவரையும் உறுதி செய்துவிட வேண்டும்.

பெற்றோரிடம் 'வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்' என்று சொல்வதைப் பள்ளி இன்றே நிறுத்த வேண்டும். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் அம்மா பேசினால் 'சாப்பிடு', 'படி', 'தூங்கு' என்பதற்கு மேல் பேச்சு நகராது. ஏன், எப்படி, அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற நீண்ட பேச்சு அவருக்குக் கைவந்த மொழியில்தான் நடக்கும். பாடமொழிக்கான பயிற்சி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டு: தினமும் 20 நிமிடம் தங்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும், அன்றைய பாடத்தைப் பிள்ளை அதே மொழியில் சொல்லக் கேட்க வேண்டும். பிள்ளை நடுநடுவே ஆங்கிலச் சொல்லைக் கலந்து பேசினால் திருத்த வேண்டாம். இருமொழிப் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் பேசுவார்கள். அந்தச் சொல்லை வீட்டுமொழியில் வைத்துப் பதில் சொன்னாலே போதும், அடுத்த முறை பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும்.